உதடு நிறைவாகத் தெரிய: லைனரிலிருந்து லிப் லிஃப்ட் வரை, யாருக்கு எது பொருந்தும்

உதடு மெல்லிசாக இருக்கிறது என்று வருகிற எல்லோரையும், உதட்டுக்குள் ஜெல் செலுத்தும் ஃபில்லர் ஊசிக்கு அனுப்பிவிடுவது பல கிளினிக்குகளில் வழக்கமாகிவிட்டது. சிலருக்கு உதட்டில் சதை குறைவு. சிலருக்குச் சதை இருந்தும் சிரிக்கும்போது அது உள்ளே மடிந்துவிடுகிறது. இன்னும் சிலருக்கு உதட்டில் குறையே இல்லை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள இடம்தான் நீளம். மூவருக்கும் ஒரே மருந்து போட்டால் ஒருவருக்குத்தான் அழகாக வரும்.

முதலில் நான்கு படம்

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியை நம்ப வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கி, முகத்தின் மற்ற பகுதிகளைச் சுருக்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்று, ஒன்றரை மீட்டர் தள்ளி இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். வாயை மூடி ஒன்று, லேசாகத் திறந்து ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. லிப்ஸ்டிக் கூடாது.

சும்மா இருக்கும்போது சரியாக இருக்கும் மேலுதடு சிரித்ததும் காணாமல் போனால், பிரச்சினை தசையில். அங்கே அந்தத் தசையைத் தளர்த்தும் லிப் ஃபிளிப் ஊசி வேலை செய்யும். இரண்டு உதடும் எல்லாப் படத்திலும் தட்டையாக இருந்தால் ஃபில்லரைப் பற்றி யோசிக்கலாம். வாயை லேசாகத் திறந்தும் மேல்பல் துளிகூடத் தெரியவில்லை, மூக்கடியிலிருந்து மேலுதட்டு விளிம்பு வரை ஸ்கேலில் 15 மி.மீ.க்கு மேல் வருகிறது என்றால் ஃபில்லர் அந்த இடத்தைச் சுருக்காது. உதடு முன்னால் துருத்தும், நீளம் அப்படியே நிற்கும். வாத்து மூக்கு போல் ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த வகைதான்.

பக்கவாட்டுப் படத்தில் மேல்பல் வரிசையோ மேல்தாடையோ உள்வாங்கித் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் பல் சீரமைப்பு மருத்துவர். உதட்டைத் தாங்குவது பல்தான். பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பவர்கள் அது முடியும் வரை உதட்டில் எதுவும் செய்யாமல் இருப்பது நல்லது. பல் நகர நகர உதட்டின் வடிவமும் மாறும்.

மேலுதடு ஒரு பங்கு என்றால் கீழுதடு 1.6 பங்கு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் முகங்களில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருப்பது சாதாரணம், பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

ஊசி இல்லாமல்

வறண்டு வெடித்த உதடு இருக்கிற அளவைவிடச் சிறியதாகவே தெரியும். இரவில் வாஸ்லைன், பகலில் எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம், நாக்கால் ஈரப்படுத்தும் பழக்கத்தை விடுவது, இந்த மூன்றையும் இரண்டு வாரம் செய்துவிட்டு மறுபடி படம் எடுங்கள். மெந்தால், கற்பூரம் கலந்த பாம் ஜில்லென்று இருந்தாலும் பலருக்கு உதட்டை மேலும் உலர்த்தும்.

லைனரைச் சரியாகப் போட்டால் கிடைக்கும் வித்தியாசத்தைப் பெரும்பாலானோர் குறைத்து எடைபோடுகிறார்கள். நம்மில் பலருக்கு மேலுதடு கருத்தும் கீழுதடு வெளுத்தும் இருக்கும். அதனால் மேலுதடு இன்னும் சிறியதாகத் தெரியும். முதலில் இரண்டு உதட்டிலும் விளிம்பைச் சுற்றியும் மிகக் கொஞ்சம் ஃபவுண்டேஷன் ஒற்றி, மேலே பவுடர் தொட்டு நிறத்தைச் சமப்படுத்துங்கள். உங்கள் உதட்டு நிறத்தைவிட ஒரு படி மட்டும் அடர்த்தியான பழுப்பு லைனரை எடுத்து, மேலுதட்டின் நடுவிலுள்ள வில் வளைவில் சிறிய பெருக்கல் குறி போடுங்கள். விளிம்புக்கு வெளியே போவது அந்த வளைவின் இரு முனையிலும் கீழுதட்டின் நடுவிலும் மட்டும், அதுவும் 1 மி.மீ.க்குள். வாய் ஓரங்களில் கோடு இயற்கையான விளிம்பிலேயே ஓட வேண்டும். அங்கே வெளியே இழுத்தால்தான் கோமாளி வேஷம் ஆகும். உள்ளே லிப்ஸ்டிக், கீழுதட்டின் நடுவில் மட்டும் ஒரு துளி கிளாஸ். விளிம்புக்கு வெளியே கிளாஸ் பட்டால் அது முகத்தோலின் ரோமக் கோடுகளில் ஓடி, போட்ட கோட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர் வெயிலில் மெழுகு அதிகமுள்ள பென்சில் ஒரு மணி நேரம் தாங்காது. ஜெல் வகை வாங்குங்கள்.

'பிளம்பிங்' கிளாஸ் வேலை செய்வது எரிச்சலால். மிளகாயின் காரச்சத்து, இஞ்சி, பட்டை எண்ணெய், மெந்தால் இவற்றில் ஒன்று உதட்டைச் சீண்டி ரத்த ஓட்டத்தைக் கூட்டும். கொஞ்ச நேரம் லேசாக வீங்கும், பிறகு அடங்கும். எப்போதாவது ஒருநாள் போட்டால் தவறில்லை. தினமும் போட்டால் ஒவ்வாமை வரலாம், பழுப்புத் தோலில் எரிச்சல் கருமையை விட்டுப் போகலாம். வீட்டிலேயே பட்டைத் தூளையும் மிளகாய்ப் பொடியையும் தேனில் குழைத்துத் தடவச் சொல்லும் வீடியோக்களுக்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக. உதட்டை உறிஞ்சிப் பெரிதாக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் ரத்தம் கட்ட வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

லிப் ஃபிளிப்

இது ஃபில்லர் அல்ல, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் மருந்து. வாயைச் சுற்றியுள்ள தசையில், மேலுதட்டு விளிம்பை ஒட்டி நான்கு புள்ளிகளில் மொத்தம் 4 முதல் 6 யூனிட் போடுவார்கள். தசை தளர்ந்ததும், உள்ளே மடிந்திருந்த உதடு சற்று வெளியே திரும்பும். சதை அதிகமாகாது, ஏற்கெனவே இருப்பது தெரியும், அவ்வளவுதான். மூன்று நாளுக்குப் பிறகு மாற்றம் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுமையாகும், இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். யூனிட் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். போடாக்ஸின் 4 யூனிட்டும் அதே வகை மருந்தான டிஸ்போர்ட்டின் 4 யூனிட்டும் ஒன்றல்ல. எந்த மருந்து என்று கேட்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

அளவு கூடினால் வாய் காட்டிக்கொடுக்கும். 'பாப்பா', 'மாம்பழம்' சொல்லும்போது உதடு சரியாக ஒட்டாது, ஸ்ட்ராவில் உறிஞ்ச வராது, வாய் கொப்பளித்தால் ஓரத்தில் தண்ணீர் வழியும். அண்ணாந்து குடித்துப் பழகியவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது; காபியைச் சப்பிக் குடிப்பவர்களுக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிப்பவர்களும் மேடையில் பாடுபவர்களும் இதைத் தொடவே வேண்டாம். மூக்குக்கும் உதட்டுக்கும் இடைவெளி நீளமாக உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது: தசை தளர்ந்தால் மேலுதடு இன்னும் இறங்கி, தெரிகிற கொஞ்சப் பல்லையும் மறைக்கும். தசைக் களைப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும்.

ஃபில்லர்

உதட்டுக்கு ஏற்றது ஹைலூரோனிக் அமில ஜெல் மட்டும்தான். நம் தோலிலேயே இருக்கும் பொருளைச் சீக்கிரம் கரையாதபடி பிணைத்துச் செய்வது. ரெஸ்டிலேன், ஜுவெடெர்ம் இரண்டும் பரவலாகக் கிடைக்கும் பெயர்கள், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. உதட்டை நிறைவாக்க முதலில் அனுமதித்தது ரெஸ்டிலேனை, 2011இல். இதன் முக்கியமான குணம், பிடிக்கவில்லை என்றாலோ தப்பாகிவிட்டாலோ ஹைலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்திக் கரைத்துவிடலாம். கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட், பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் துகள், திரவ சிலிகான் போன்ற மற்ற ஃபில்லர்களுக்கு அப்படிப்பட்ட மாற்று மருந்து கிடையாது. உதடு ஓயாமல் அசையும் இடம் என்பதால் கால்சியம் வகை கட்டி கட்டியாகத் திரளும். சிலிகானால் பல வருடம் கழித்துக்கூட முடிச்சு கிளம்பும், அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். 'நிரந்தர ஃபில்லர்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

1 மி.லி. என்பது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் தடவை 0.5 முதல் 1 மி.லி. போதும். நிறைய வேண்டும் என்றாலும் ஒரே நாளில் திணிக்காமல், நான்கைந்து வாரம் கழித்து மீண்டும் பார்த்துக் கூட்டுவதே சரி. திசுவுக்கு இழுபடும் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஜெல் உதட்டு விளிம்பை மீறி மேலே ஏறும். மேலுதட்டின் மேல் மீசை நிழல் போல ஒரு புடைப்பு தெரியும். இந்தப் புடைப்பை இன்னும் ஃபில்லர் போட்டுச் சரிசெய்ய முடியாது. கரைத்து, இரண்டு வாரமாவது காத்திருந்து, குறைவாகத் தொடங்க வேண்டும். பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம் பலன் நிற்கும். ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று நாட்காட்டியைப் பார்த்துப் போடாமல், பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மிச்சம் இருக்கும்போது மேலே மேலே போடுவதுதான் அந்த மீசை நிழலுக்கு முக்கியக் காரணம்.

போடுபவர் யார் என்பது பிராண்டைவிட முக்கியம். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ இருக்க வேண்டும். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பியூட்டி பார்லரில், ஹோட்டல் அறையில், தோழி வீட்டு 'ஃபில்லர் பார்ட்டி'யில் போட்டுக்கொள்ளும் விஷயம் அல்ல இது. மூன்று கேள்வி கேளுங்கள்: ஹைலூரோனிடேஸ் இப்போது இங்கே கையிருப்பில் உள்ளதா, எத்தனை குப்பி? இரவு பதினொரு மணிக்கு வலி வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, எடுப்பது யார்? இரண்டு வாரம் கழித்து மேடு தெரிந்தால் சரிசெய்ய தனிக் கட்டணமா? முதல் கேள்விக்குத் தயக்கம் தெரிந்தால் மற்ற இரண்டையும் கேட்கத் தேவையில்லை. பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, காலாவதித் தேதியையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிரிஞ்சை இரண்டு தோழிகள் பங்கு போட்டுக்கொண்டால் பாதி விலை என்ற சலுகை ரத்தத்தால் பரவும் நோய்களுக்கு விடும் அழைப்பு.

ஊசி இல்லாமல் காற்றழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் 'ஹைலூரான் பேனா' இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. எவ்வளவு ஆழம் போகிறது, எங்கே போகிறது என்பது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. எஃப்.டி.ஏ. 2021இல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தது.

தயாரிப்பு எளிதுதான். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே இபுப்ரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ வேண்டாம், ரத்தம் கட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உதட்டோரம் அடிக்கடி காய்ச்சல் கொப்புளம் வருபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஊசி அந்த வைரஸை எழுப்பிவிடும் என்பதால் முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவார்கள். பல் சுத்தம் செய்தல், வேர் சிகிச்சை எல்லாம் இரண்டு வாரம் முன்னேயோ பின்னேயோ தள்ளி இருக்கட்டும். தேனீ கொட்டி உடம்பெல்லாம் வீங்கிய அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தேனீ விஷத்திலும் ஹைலூரோனிடேஸ் இருக்கிறது. பின்னால் கரைக்க வேண்டி வந்தால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு உண்டு.

மரத்துப்போகும் கிரீம் தடவி அரை மணி நேரம் வைப்பார்கள். மெல்லிய ஊசியாலோ, முனை மழுங்கிய கேனுலாவாலோ போடுவார்கள். கேனுலாவில் ரத்தக் கட்டு குறைவு, விளிம்பைக் கூர்மையாக வரைய ஊசி தோது. இரண்டும் சரியே; போடுபவரின் கைப்பழக்கம்தான் தீர்மானிக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீக்கம் உச்சத்தில் இருக்கும், ஒருபக்கம் பெரிதாகவும் தெரியும். அந்த இரண்டு நாளில் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. முதல் நாள் லிப்ஸ்டிக் வேண்டாம். இரண்டு நாள் ஜிம், ஆவி பிடித்தல் வேண்டாம். மரமரப்பு போகும் வரை சூடான ரசமோ காபியோ வேண்டாம், சுட்டாலும் தெரியாது. தலையை உயர்த்திப் படுங்கள். கையில் நெருடும் சிறு மேடுகள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அமுங்கிவிடும். மருத்துவர் சொன்னால் ஒழிய அழுத்தித் தேய்க்காதீர்கள்.

தாமதிக்கக் கூடாத ஒன்று

மேலுதட்டிலும் கீழுதட்டிலும் தமனிகள் ஓடுகின்றன. ஜெல் அவற்றுக்குள் போனாலோ வெளியிலிருந்து நெருக்கினாலோ ரத்தம் நிற்கும், நின்ற இடத்தில் தோல் செத்துப்போகும். அரிது, ஆனால் யாருக்கும் நேரலாம், கைதேர்ந்தவர் போட்டாலும் நேரலாம். அடையாளம்: போட்ட இடமோ அதன் அருகிலோ திடீரென்று வெளுப்பது, பிறகு வலை பின்னியது போல் ஊதாக் கோடுகள், ஏறிக்கொண்டே போகும் வலி. ஜெல்லிலேயே மரப்பு மருந்து கலந்திருப்பதால் வலி சில மணி நேரம் தாமதமாகவும் வரலாம். உதட்டில்தான் தெரியும் என்றும் இல்லை. அதே தமனித் தொடரில் உள்ள மூக்கோரமோ தாடையோ நிறம் மாறலாம்.

கருத்த உதட்டில் வெளுப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உதட்டை மடித்து உட்புறச் சிவப்பு தெரியும்படி பிடித்து, விரலால் ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மறுபக்கத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். சாதாரண ரத்தக் கட்டு ஒரே சீராகக் கருநீலமாக இருக்கும், தொட்டால்தான் வலிக்கும், அழுத்திவிட்டால் நிறம் உடனே திரும்பும். திரும்பத் தாமதமானால் அந்த நிமிடமே அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஐஸ் வைக்காதீர்கள், குழாய் இன்னும் சுருங்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். கிளினிக்கில் ஹைலூரோனிடேஸை அதிக அளவில், ரத்த ஓட்டம் திரும்பும் வரை மறுபடி மறுபடி போடுவார்கள். பார்வை மங்கினால் கிளினிக்குக்குப் போக வேண்டாம், கண் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

வாரங்களோ மாதங்களோ கழித்துச் சிவந்து சூடாக ஒரு கட்டி கிளம்பினால் அது வேறு கதை, தொற்றாகவோ அழற்சியாகவோ இருக்கலாம். அதையும் தேய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கத்தி வைப்பது

லிப் லிஃப்டில் மூக்கின் அடியில் எருமைக் கொம்பு வடிவில் ஒரு தோல் பட்டையை வெட்டியெடுத்து, உதட்டை மேலே இழுத்துத் தைப்பார்கள். மரப்பு ஊசி போட்டே செய்துவிடலாம். ஐந்திலிருந்து ஏழு நாளில் தையல் பிரிப்பார்கள். தழும்பு மங்க மாதக்கணக்காகும். இடைவெளி நீளமானவர்களுக்கு இதற்கு ஈடான வழி இல்லை. ஆனால் எடுத்த தோலைத் திரும்ப வைக்க முடியாது, அதிகம் எடுத்தால் வாய் மூடாது. காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்துப் புடைத்திருப்பவர்கள் இதைச் செய்யாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்து உதட்டில் வைக்கலாம். எவ்வளவு நிற்கும், எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கும் வாய்ப்பு உண்டு. வேறு அறுவை சிகிச்சைக்காக எப்படியும் கொழுப்பு எடுப்பவர்களுக்கு மட்டும் யோசிக்கலாம். சிலிகான் இம்பிளான்ட் நகரும், விரலில் தட்டுப்படும்; இன்று பெரிதாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. லிப் பிளஷ் எனப்படும் நிறமேற்றும் டாட்டூ சதையைக் கூட்டாது, விளிம்பைத் தெளிவாக்கும். கருத்த உதட்டுக்குத் தவறான நிறக்கலவை போட்டால் ஆறியபின் சாம்பல் பூத்தது போலாகிவிடும்.

வயதும் தேதியும்

எஃப்.டி.ஏ. அனுமதித்த உதட்டு ஃபில்லர்கள் 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல் அழகுக்காக 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு போடாக்ஸோ ஃபில்லரோ போடுவது சட்டப்படி குற்றம். லண்டனில் மறுக்கப்பட்ட மகளை ஊருக்கு அழைத்து வந்து போட்டுவிடும் யோசனை வேண்டாம்.

கல்யாணத்துக்காக என்றால் முகூர்த்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். லிப் லிஃப்ட்டுக்கு ஆறு மாதமாவது வேண்டும். ஃபில்லருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம்: வீக்கம் வடிய இரண்டு வாரம், குறையைச் சரிசெய்ய ஒரு தடவை, அது அடங்க இன்னும் இரண்டு வாரம். லிப் ஃபிளிப்புக்கு நான்கு வாரம்; வாழ்க்கையில் முதல்முறை என்றால் அதற்கும் முன்பாக ஒருமுறை போட்டுப் பேசிப் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரமே பாக்கி என்றால் வாஸ்லைனும் ஜெல் லைனரும் மட்டும்.